இரட்டைமலை சீனிவாசனாரும் தன்மதிப்பும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலர்க்குழுவினர் எம்மை அணுகித் தன்மதிப்பு என்னும் பொருள் பற்றி இளைஞர்களுக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு பணித்தனர். தன்மதிப்பு என்றால் யாது என்று இலக்கணம் கூறத் தொடங்கினால், படிப்பவர் முதற் பக்கத்திலேயே மலரை மூடி வைத்துவிடுவர் என்பது முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன் நின்ற எமக்குத் தெரியும். ஆதலின் ஒரு பெருமகனாரின் வாழ்க்கையைச் சொல்லிவிட எண்ணினோம். அவர் திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் ஆவார். அவர் பெயரை நம் இளைஞர் சுவரொட்டிகளில் பார்த்திருப்பர். கூட்டங்களில் முழக்கமாகக் கேட்டிருப்பர். அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே.

முதலில் அவர் பெயரைப் பற்றி ஒரு சொல். இரட்டைமலை என்பது ஊர்ப் பெயர் என்றும், இரண்டு மலைகளுக்கு நடுவே அவர் பிறந்தார் என்றும் மேடையில் ஒருவர் விளக்கக் கேட்டு யாம் வியந்ததுண்டு. அஃது அவர் தந்தையாரின் பெயர். தந்தை பெயரைத் தம் பெயருக்கு முன் முழுமையாக வைத்துக்கொண்ட மகன் அவர். இதனை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் நம்மவரின் தந்தைமார் பெயரை ஊர்த்தெருவில் எவரும் மதிப்புடன் உச்சரித்ததில்லை. நரைத்த தலையரையும் சிறு பிள்ளைகள் பெயர் சொல்லி ஒருமையில் விளித்த காலம் அது.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஓய்ந்த ஓரிரு ஆண்டுகளில், ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் அவர் பிறந்தார். அவர் கல்வி பயின்றது கோயம்புத்தூரில். 1939ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் பெயர் ஜீவிய சரித்திர சுருக்கம். மிகச் சிறிய நூல். ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். அதில் தம் பள்ளி நாள்களைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி சில வரிகளே எனினும், ஆசிரியத் தொழில் புரியும் எவரும் அதனை எளிதில் கடந்து செல்ல இயலாது.

அப்பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர் பயின்றனர். பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். எவருடனேனும் நட்புக்கொண்டால் ஊர் எது, தெரு எது, சாதி எது என்ற கேள்விகள் எழும். விடை தெரிந்தபின் நடத்தும் முறையே மாறிவிடும் என்று அச்சிறுவர் அஞ்சினார். ஆகவே காலையில் பள்ளிக்கு அருகில் எங்கேனும் ஒதுங்கியிருந்து பாடம் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் வகுப்புக் கலைந்ததும், பிற மாணவர் தம்மை எட்டிப் பிடித்துப் பேச்சுக் கொடுத்துவிடாதபடி விரைந்து நடந்து வீடு சேர்ந்துவிடுவார். விளையாட்டு இல்லை, தோழமை இல்லை. ஒத்த வயதுப் பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத அக்கொடுமையை எண்ணி எண்ணி மனம் கலங்கினார்.

அச்சிறுவரை எவரும் அடித்ததாகவோ வைததாகவோ இப்பகுதியில் செய்தி இல்லை என்பதை நம் இளைஞர் கருதிப் பார்த்தல் வேண்டும். வசை வாயிலிருந்து வருமுன்பே அதற்கு அஞ்சித் தம்மைத் தாமே சுருக்கிக் கொண்டார். இழிவு என்பது பிறர் வீட்டில் இருக்கும்வரை அதனோடு போராடலாம். அது நம் நெஞ்சுக்குள் வந்து குடியேறிவிட்டால் நம்மை விரைவாக நடக்கச் செய்கின்றது. மணி அடிக்கும்வரை வெளியே நிற்கச் செய்கின்றது.

இது பழங்கதை என்று கருதுவோர்க்காக எம் அனுபவம் ஒன்றைக் கூறுகின்றோம். யாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில், சாதிச் சான்றிதழ் நகல் கொண்டு வராதவர் எழுந்து நிற்க என்று வகுப்பு நடுவே கட்டளையிடும் வழக்கம் இருந்தது. அவ்வாறு எழுந்து நின்ற பிள்ளைகளின் முகங்களை யாம் கண்டிருக்கின்றோம். உதவித்தொகைப் படிவத்தை நிரப்பும்போது இடக்கையை வளைத்து அந்தக் குறிப்பிட்ட கட்டத்தை மறைத்துக்கொண்டு எழுதும் மாணவரையும் கண்டிருக்கின்றோம். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையும் அந்தக் கட்டத்தின் மேல் கையை வளைக்கின்றது. கோயம்புத்தூரில் மணி அடிக்கக் காத்திருந்த சிறுவர் இன்னும் எம் வகுப்பறைகளில்தான் இருக்கின்றார் என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

படிப்பு முடிந்தபின் சீனிவாசனார் நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனம் ஒன்றில் கணக்கராகச் சுமார் பத்து ஆண்டுகள் பணி புரிந்தார். நல்ல ஊதியம், குளிர்ந்த மலை, சாதி கேளாத துரைமார். அங்கேயே இருந்துவிட்டிருந்தால் அவர் நலமாக வாழ்ந்திருப்பார். நாமும் அவரை அறிந்திருக்க மாட்டோம். 1890ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்தார். வந்தவுடன் மேடை ஏறவில்லை. நம் மக்களின் பண்டைய நிலை, அவர்கள் வீழ்ந்த வரலாறு, சேரிகளின் அன்றைய வாழ்வு ஆகியவற்றை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆராய்ந்தார். தன்மதிப்பு வேண்டும் என்போர் பலர் இந்த மூன்று ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர் என்பது எம் கருத்து. தாம் யார் என்பதைத் தெரிந்துகொள்வதற்கு உழைப்பு வேண்டும்; அவ்வுழைப்பை அவர் முதலிற் செய்தார். பறையர் மகாஜன சபை என்னும் அமைப்பையும் இக்காலத்திலேயே தோற்றுவித்தார்.

இனி நம் வரலாற்றின் சிறந்த நிகழ்ச்சிகளுள் ஒன்றுக்கு வருகின்றோம். 1893ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அவர் ஓர் இதழைத் தொடங்கினார். நான்கே பக்கம், சிறிய அளவு, விலை இரண்டு அணா. விளம்பரத்திற்கும் அச்சுக்குமாக முதலிற் செலவழிந்தது பத்து ரூபாய். முதலில் மாதம் ஒரு முறை வந்தது. சில மாதங்களில் வார இதழாயிற்று. சென்னையில் இரண்டே நாளில் 400 படிகள் விற்றுத் தீர்ந்தன. இவ்விதழுக்கு அவர் சூட்டிய பெயர் பறையன்.

பெயரைக் கேட்டால் சாதி தெரிந்துவிடுமே என்று ஓடி ஓடி வீடு சேர்ந்த சிறுவர், தம் சாதியின் பெயரையே, அதுவும் ஊரார் வசையாக வழங்கிய வடிவத்திலேயே, பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கடைத்தெருவில் விற்பனைக்கு வைத்தார். அன்று அச்சொல் எவ்வாறு வழங்கிற்று என்பதை நம் பாட்டன்மார் அறிவர். அதட்டலாகவும் ஏச்சாகவும் அன்றி அதனை எவரும் கூறியதில்லை. இப்போது அவ்விதழை வாங்க விரும்பியவர், எவராயினும், இரண்டு அணாவை நீட்டி அப்பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. வசைச்சொல் ஒரு பத்திரிகையின் பெயராகி, அஞ்சல் முகவரியாகி, அரசு அலுவலகங்களிலும் படிக்கப்படுவதாயிற்று.

ஏன் இப்பெயர் என்பதற்கு அவர் தம் நூலில் காரணம் கூறியிருக்கின்றார். அதன் சாரம் வருமாறு: ஒடுக்கப்பட்ட ஒருவன் உரிமை கேட்க வேண்டுமாயின், முதலில் தான் யார் என்பதை மறைக்காமல் முன்வந்து நிற்றல் வேண்டும், தன் இனத்தை மறைத்துக்கொண்டு வாழ்பவன் என்றும் அஞ்சியே வாழ்வான், அவனுக்கு உரிமை கிட்டாது. இக்கருத்து கோயம்புத்தூர்ப் பள்ளியின் வெளியே பிறந்தது என்று யாம் கருதுகின்றோம். மறைத்து வாழ்வதன் துன்பத்தை முற்றும் சுவைத்தவர் அன்றி வேறெவரும் இவ்வளவு தெளிவாக இதனைக் கூறியிருக்க முடியாது.

இதழ் சுமார் ஏழு ஆண்டுகள் நடந்தது. இரண்டு ஆண்டுகளில் அதற்குச் சொந்தமாக அச்சகமும் அமைந்தது. 1896ஆம் ஆண்டில் இதழில் வந்த கடிதம் ஒன்றின் பொருட்டு வழக்குத் தொடரப்பட்டு, ஆசிரியருக்கு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டு அணா இதழுக்கு நூறு ரூபாய் என்பது எத்தகைய சுமை என்பதை நம் இளைஞர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. இதழ் நின்றுவிடவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். சீனிவாசனாரின் வழியை நம்மவர் அனைவரும் ஏற்றுக்கொண்டனர் என்று கூறுதற்கில்லை. அவருக்கு மைத்துனர் முறையினரான பண்டிதர் அயோத்திதாசர் அப்பெயரையே ஏற்றிலர். அது பிறரால் நம் மேல் சுமத்தப்பட்ட பெயர். நம் முன்னோர் பௌத்தர். நாம் இந்நாட்டின் பூர்வ குடிகள் என்பது பண்டிதரின் கொள்கை. 1907ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய இதழுக்கு ஒரு பைசாத் தமிழன் என்று பெயர் வைத்தார். அடுத்து அது தமிழன் ஆயிற்று. பின்வந்த எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1922ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு பழைய பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. ஆக, ஒரே மக்களுக்கு மதிப்புத் தேடிய மூவர் பெயரளவில் மூன்று வழி சென்றனர்.

எவர் வழி சரி என்று மாலை வகுப்பு மாணவர் ஒருவர் எம்மைக் கேட்டார். யாம் உடனே விடை கூறவில்லை. இழிபெயரை உதறுவதும் வீரம், அதனையே ஏந்தி அதன் இழிவைப் போக்குவதும் வீரம் என்று பின்னர்க் கூறினோம். ஆனால் எம் நெஞ்சு சீனிவாசனார் பக்கமே சாய்கின்றது. பெயரை மாற்றினால், சில ஆண்டுகளில் பழைய ஏச்சு புதிய பெயரின் மேலும் வந்து ஒட்டிக்கொள்வதை எம் வாழ்நாளிலேயே கண்டுவிட்டோம். மாணவர் எம் விடையில் நிறைவு கொண்டதாகத் தெரியவில்லை. அதுவும் நன்றே.

1893ஆம் ஆண்டில் மற்றொரு செயலும் நிகழ்ந்தது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரினர். சீனிவாசனார் அதனை எதிர்த்துக் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். இதற்காக அவரைக் குறை கூறுவோர் இன்றும் உளர். அன்று இங்கே தேர்வு நடந்திருப்பின் எழுதும் தகுதி எவருக்கு இருந்தது, வென்றோர் எந்தத் தெருவினராக இருந்திருப்பர் என்பதை எண்ணினால் அவர் அச்சம் விளங்கும். எமக்கு வியப்பளிப்பது அந்த 112 அடித் தாளே. எழுதப் படிக்கத் தெரிந்தோர் அரிதாயிருந்த ஒரு சமுதாயத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் தம் பெயரைத் தாளில் ஏற்றினர். அப்பெயர்கள் கடல் கடந்து சென்றன.

1900ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று நேரில் முறையிடும் எண்ணத்துடன் அவர் கப்பல் ஏறினார். ஆயினும் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணி புரிந்தார். அங்கே வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளுக்குத் தமிழிற் கையொப்பமிடக் கற்பித்தவர் அவரே என்பர். இருபது ஆண்டுகள் அயல்நாட்டில் கழித்து 1921ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்வு பெறும் வயதில் அவருடைய பொதுவாழ்வின் இரண்டாம் பகுதி தொடங்கிற்று.

1923ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமனம் பெற்றார். 1924ஆம் ஆண்டில் அச்சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகிய எவ்விடத்தும் எந்த வகுப்பினரும் தடையின்றிச் செல்லலாம் என்பது அதன் பொருள். கோவை ஆர். வீரையன் அவர்களும் சீனிவாசனாரும் இதற்காகச் சபையில் நின்று வாதாடினர். தெருவில் நடப்பதற்குத் தீர்மானமா என்று இன்றைய பிள்ளைகள் நகைக்கலாம். அத்தீர்மானத்தைத் தெருக்களில் செயற்படுத்த நம்மவர் பட்ட பாடு பல ஆண்டுகள் நீண்டது. சில ஊர்களில் அது இன்னும் முடிந்தபாடில்லை என்பதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர்.

1930ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இருவர் அழைக்கப்பட்டனர். ஒருவர் டாக்டர் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசனார். ஒருவருக்கு வயது நாற்பதுக்கும் குறைவு, மற்றவருக்கு எழுபது. அங்கே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அளித்த வரவேற்பில், தீண்டப்படாதவர் என்று எழுதிய அட்டையைச் சீனிவாசனார் மார்பில் அணிந்து சென்றார் என்றும், கை குலுக்க முன்வந்த மன்னருக்குக் கை கொடுக்காமல், தாம் தம் நாட்டில் தீண்டப்படாதவர் என்று விளக்கினார் என்றும் நம் மேடைகளில் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. கேட்போர் மெய்சிலிர்ப்பர். இளமையில் யாமும் சிலிர்த்தோம்.

வயது ஏற ஏற, அதனினும் எம்மைக் கவர்வது அவ்விருவரும் சேர்ந்து மாநாட்டுக்கு அளித்த கோரிக்கை அறிக்கைகளே. சமக் குடியுரிமை, தீண்டாமையைக் குற்றமாக்குதல், சட்டசபைகளிலும் அரசுப் பணிகளிலும் போதிய இடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் கேட்டனர். 1931ஆம் ஆண்டு இரண்டாம் மாநாட்டில் இருவரும் கையொப்பமிட்டு அளித்த துணை அறிக்கையில் ஒரு சிறு பகுதி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்று எம்மை அழைப்பது இழிவு தருகின்றது. அரசியல் சட்டத்தில் இப்பெயர் வேண்டாம் என்று அதில் கேட்டிருக்கின்றனர். பறையன் என்று இதழுக்குப் பெயரிட்டவரா இதில் கையொப்பமிட்டார் என்று ஐயம் எழலாம். எமக்கு இதில் முரண்பாடு தோன்றவில்லை. முன்னையது தாமே ஏந்திய பெயர். பின்னையது இரக்கப்படுவோர் ஒட்டிய பெயர். ஏச்சை அவர் பொறுத்துக்கொண்டு திருப்பினார்; இரக்கத்தை அவரால் பொறுக்க முடியவில்லை போலும்.

1932ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். தனித்தொகுதி போய், பொதுத்தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடங்கள் வந்தன; நாடு முழுமைக்கும் 148, சென்னை மாகாணத்திற்கு 30. அவ்வொப்பந்தத்தால் பெற்றதா இழந்ததா மிகுதி என்னும் வழக்கு இன்றும் முடியவில்லை. அதனை இக்கட்டுரையில் தீர்க்க முயல மாட்டோம்.

1935ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்தபோது சீனிவாசனார் உடன்படவில்லை. நால்வகை வருணத்துக்கும் வெளியே நிற்பவர் நாம்; இந்து மதத்தினுள் இல்லாதவர் அதனை விட்டு வெளியேறுவது எங்ஙனம் என்பது அவர் வாதம். தாம் பெரிதும் மதித்த ஒரு தலைவரிடமும் மாறுபட்ட கருத்தை மறைக்காது கூறினார். தலைவர் ஒன்று கூறிவிட்டால் ஆராயாமல் கைதட்டுவதே பற்று என்று எண்ணும் நம் இளைஞர் இதனைக் குறித்துக் கொள்க.

அரசு அவருக்கு 1926ஆம் ஆண்டில் ராவ்சாகிப், 1930இல் ராவ்பகதூர், 1936இல் திவான்பகதூர் என்று பட்டங்கள் அளித்தது. பட்டங்களை அவர் ஏற்றார், பயன்படுத்தவும் செய்தார். வெள்ளையர் தந்த பட்டத்தை ஏற்றவருக்குத் தன்மதிப்பு ஏது என்று எழுதுவோர் உளர். சேரியிற் பிறந்த ஒருவர் பெயருக்கு முன் திவான்பகதூர் என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை அன்றைய அலுவலகக் குமாஸ்தாக்களுக்கு ஏற்பட்டதே, அதனை அவர்கள் எண்ணிப் பார்த்தனரா என்று தெரியவில்லை. எனினும் பட்டங்கள் வருவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, இரண்டு அணா இதழின் தலைப்பில், அவர் தமக்கு வேண்டிய மதிப்பைத் தாமே அச்சிட்டுக்கொண்டு விட்டார்.

சென்ற ஆண்டிலிருந்து யாம் ஒரு மாற்றம் செய்தோம். உதவித்தொகைப் படிவங்களை வகுப்பில் வைத்து நிரப்பாமல், பிள்ளைகளைத் தனித்தனியே எம் அறைக்கு அழைத்து நிரப்பச் செய்கின்றோம். பிள்ளைகளின் நாணம் குறைந்தது. ஆயினும் இரவில் சீனிவாசனாரின் சிறு நூலைப் புரட்டும்போது, இதனால் யாமும் அவர்களை மணி அடிக்கும்வரை வெளியே நிற்க வைக்கின்றோமோ என்ற ஐயம் எழுகின்றது. அவ்வறைக்குள் வந்த மாணவி ஒருத்தி, ஐயா, இதை வகுப்பிலேயே எழுதித் தருகிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு போனாள். பிறரையும் அவ்வாறே செய்யச் சொல்ல எமக்கு இன்னும் துணிவு வரவில்லை.

1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் சீனிவாசனார் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டது. சென்னை ஓட்டேரியில் அவர் நினைவிடமும், கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபமும் உள்ளன. வரும் கோடை விடுமுறையில் நம் மாலை வகுப்பு மாணவரை இவ்விரு இடங்களுக்கும் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுமாறு சங்கச் செயலாளரைக் கேட்டிருக்கின்றோம். அவரும் இசைந்துள்ளார். வர விரும்புவோர் தம் பெயரையும் தந்தை அல்லது தாயின் பெயரையும் சங்க அலுவலகத்திலுள்ள ஏட்டில் பதிவு செய்து கொள்ளலாம்.